தாத்தாவின் ஒருசந்தியும் ஆறு மாத்திரைகளும்

தம்பி,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. கல்யாணம் முடிந்த இந்த நான்கு மாதத்தில் நீ எழுதிய முதல் நீண்ட கடிதம். தைப்பிங் மழையைப் பற்றியும் புது வீட்டைப் பற்றியும் எழுதியிருப்பாய் என்று நினைத்துப் பிரித்தேன். நான்கு பக்கமும் உன் மாமனாரைப் பற்றியே இருந்தது. மாமாவின் தோளிலும் தொடையிலும் முதுகிலும் கொப்புளங்கள், உடைந்த இடமெல்லாம் பச்சைப் புண், எழுபது வயதுக்கு மேல் இந்த நோய் வந்தால் ஆபத்து என்று டாக்டர் சொன்னார், அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள், அவரைத் தனியாக விட முடியாததால் நீயும் மலரும் உங்கள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். எல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில் கேட்டிருக்கிறாய்: "இதே நோயிலிருந்து தாத்தா எப்படிம்மா பொழைச்சாரு?" கேட்டதற்கு உனக்கு நன்றி சொல்கிறேன். இத்தனை வருடமாக யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்ல டாக்டர், நல்ல மருந்து என்று சொல்லி முடித்திருப்பேன். அது பொய்யில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதியில் நான் செய்த தவறு இருக்கிறது. நம் குடும்பத்தில் உன் அப்பாவைத் தவிர வேறு யாருக்கும் அது முழுதாகத் தெரியாது.

உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. குளியலறையில் பழுப்புக் கறை ஏறிய பிளாஸ்டிக் வாளி ஒன்று இருந்தது உனக்கு நினைவிருக்கலாம். புண் கழுவும் ஊதாத் தண்ணீரால் வந்த கறை அது. தாத்தா சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் மண்டோராக வேலை பார்த்தவர். விடியுமுன் எழுந்து ஆள் கணக்கெடுத்து, பால்வெட்டுக்காரர்களை மர நிரைக்கு அனுப்பும் வேலை. ஓய்வு பெற்று ஈப்போவுக்கு நம்மோடு இருக்க வந்தபோது அவருக்கு எழுபது. இரண்டாம் வருடம் உடம்பெல்லாம் அரிப்பு என்றார். சூடு என்றார்கள், ரத்தம் கெட்டுப்போச்சு என்றார்கள். நான் சோப்பை மாற்றினேன். இரண்டு மாதம் கழித்து நெல்லிக்காய் போன்ற சின்ன லங்சாட் பழம் அளவுக்குக் கொப்புளங்கள் எழும்பின. ஒன்று உடைவதற்குள் மூன்று புதிதாக வந்தன. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நோய் தொற்றிக்கொள்ளுமோ என்று பயந்து அக்கம்பக்கத்தார் வருவதை நிறுத்தினார்கள். இது யாருக்கும் தொற்றாத நோய். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே தன் தோலை அந்நியம் என்று எண்ணித் தாக்குகிறது, அவ்வளவுதான். மலரிடம் இதை முதலில் சொல். பயந்து பயந்து தொடுகிற கை நோயாளிக்கு உடனே தெரிந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த சீன டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர். நான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவள், இடைநிலைப் பள்ளி ஆசிரியை என்று தெரிந்ததும் என்னை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினார். வயதானவர்களைக் கொல்வது பெரும்பாலும் கொப்புளம் அல்ல என்றார். தோல் திறந்து கிடக்கும்போது உடம்பின் நீரும் சத்தும் அதன் வழியே வடிந்துபோகும், கிருமி உள்ளே வரும். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும். நோயை அடக்குகிற மாத்திரையோ கிருமியை எதிர்க்கும் பலத்தையும் சேர்த்தே அடக்கும், சர்க்கரையை ஏற்றும், குடலைப் புண்ணாக்கும். ஏற்கெனவே இதயம் பலவீனமானவர்கள், சாப்பிடாதவர்கள், எழுந்து நடக்காதவர்கள் முதல் வருடத்தைத் தாண்டுவது கடினம். "நூற்றுக்கு எத்தனை பேர் பிழைக்கிறார்கள்?" என்று கேட்டேன். எண்ணைச் சொல்லலாம், ஆனால் அதற்குள் உங்கள் அப்பா எந்தப் பக்கம் நிற்கிறார் என்று எனக்குத் தெரியாது என்றார். அன்று அது நழுவுகிற பதிலாகப் பட்டது. இன்று அந்த மனிதருக்கு நன்றியோடு இருக்கிறேன். எண்ணைத் தெரிந்துகொண்டிருந்தால் நான் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இரண்டு மாதம் வார்டில் இருந்துவிட்டு தாத்தா வீட்டுக்கு வந்தார். படுக்கை விரிப்பு முதுகில் ஒட்டி, பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வந்தது. உன் அப்பா பின்கட்டு வாழையிலிருந்து இலை வெட்டி, கொதித்து ஆறிய நீரில் துடைத்து விரித்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. படித்தவர்கள் வீட்டில் நோயாளியை இலையில் படுக்கவைக்கிறோமே என்று டாக்டரிடம் போய்க் குற்றம் ஒப்புக்கொள்வது போலச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, ஒட்டாத எதுவும் நல்லது, சுத்தமாக மட்டும் இருக்கட்டும் என்றார். உன் அப்பா இந்துவாகப் பிறந்தவர் என்பதற்காகக் கத்தோலிக்கரான தாத்தா ஒரு வருடம் அவரோடு பேசாமல் இருந்தது உனக்குத் தெரிந்திருக்காது. அந்த மருமகன்தான் தினம் மாலை வேலை விட்டு வந்ததும் மாமனாரை இலையில் புரட்டிப் படுக்கவைத்தார். நான் பெனடிக்ட் கரைசலை ஊற்றிச் சிறுநீரில் சர்க்கரை பார்த்தேன். கிறிஸ்துமஸுக்குள் புதிய கொப்புளம் வருவது நின்றது. தாத்தா தானே நடந்து கோவிலுக்குப் போய்ப் பூசை கண்டு வந்தார். டாக்டர் மாத்திரையைப் பத்திலிருந்து ஆறாகக் குறைத்தார். மெதுவாகத்தான் குறைக்க வேண்டும், உடம்பு இப்போது இந்த மருந்தை நம்பி இருக்கிறது, திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று எச்சரித்தார். அதை நான் கேட்டுக்கொண்டேன். தாத்தாவிடம் சொன்னேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அவரிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னது வேறு: "காலையில சாப்பிட்ட பிறகுதான் போடணும். வெறும் வயித்துல ஒரு நாளும் போடக்கூடாது. குடல்ல ஓட்டை விழுந்துடும். நேரம் மாத்தியும் போடக்கூடாது."

பிப்ரவரியில் விபூதிப் புதனோடு தவக்காலம் தொடங்கியது, ஈஸ்டர் வரை நீளும் நோன்புக் காலம். நான் கோவிலுக்குப் போவதை விட்டுப் பல வருடம் ஆகியிருந்ததால் அது எப்போது தொடங்குகிறது என்று எனக்குத் தெரியாது. காலை ஏழு மணிக்கு நாம் மூவரும் புறப்பட்டுவிடுவோம். தாத்தாவுக்கு ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை இரண்டு, ஒரு சின்ன மூடியில் ஆறு மாத்திரை, எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டுப் போவேன். இரண்டு மணிக்குத் திரும்பும்போது தட்டு துடைத்தது போல இருக்கும், மூடி காலியாக இருக்கும். சனிக்கிழமையும் விளையாட்டு, மாணவர் கழகம் என்று எனக்குப் பள்ளி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் இருப்பேன். அன்று என் கண்முன்னே சாப்பிட்டுவிட்டு மாத்திரையை விழுங்குவார். மருந்தால் உப்பியிருந்த அவர் முகம் வற்றத் தொடங்கியபோது நான் மகிழ்ந்துபோனேன். "அப்பா பழையபடி ஆயிட்டாரு, பாத்தீங்களா?" என்று உன் அப்பாவிடம் காட்டினேன். பக்கத்து வீட்டுச் சீனரின் நாய் காலை நேரத்தில் நம் பின்வாசலில் வந்து காத்திருக்க ஆரம்பித்ததைக்கூடக் கவனித்தேன். ஏன் என்று யோசிக்கவில்லை. தாத்தா முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்ததையும் குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது வாரம் ஒரு நாள் பள்ளி விட்டு வந்தபோது குளியலறைத் தரையில் கிடந்தார். வாந்தி எடுத்திருந்தார். பேச்சு குழறியது, கை சில்லிட்டிருந்தது. சட்டைக் கைக்குள் புதிய கொப்புளங்கள். ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் மிகக் குறைவு என்றார்கள். அதே சீன டாக்டர் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்பதுதான். "ஆமாம். தினமும் நானே எடுத்து வைக்கிறேன்" என்றேன். சந்தேகத்தின் சாயல்கூட என் குரலில் இல்லை. அவர் என்னை நம்பினார். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டதா, குடலில் ரத்தம் போகிறதா என்று அந்த வழியில் தேடப் போனார்கள். அன்று மாலை வரை தாத்தாவின் உயிர் என்னுடைய அந்த ஒரு பதிலால் இழுத்துக்கொண்டு கிடந்தது. எதையும் சுலபத்தில் நம்பாதவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு பெருமை உண்டு. சாமியாரை நம்பவில்லை, வைத்தியரை நம்பவில்லை, டாக்டரைக்கூடப் புத்தகம் பார்த்துத்தான் நம்பினேன். நான் வைத்த மாத்திரை மூடியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருக்கிறேன்.

அந்த வார்டில் அந்தோணியம்மா என்று ஓர் ஆயா இருந்தார். பத்து காஜா ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பெண், பெருக்குவதும் துடைப்பதும் நோயாளிக்கு ஊட்டுவதும் அவர் வேலை. மாலையில் தாத்தாவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தபோது மைலோ பானத்தை வாயருகே கொண்டுபோயிருக்கிறார். தாத்தா தலையைத் திருப்பிக்கொண்டாராம். அந்த அம்மா என்னை வராந்தாவுக்கு அழைத்தார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. உங்கப்பா ஒருசந்தி இருக்காரு லா."

ஒருசந்தி என்றால் காலையில் ஒன்றும் தொடாமல், ஒரு பொழுது மட்டும் வயிறார உண்டு இருக்கும் நோன்பு. சின்ன வயதில் வீட்டில் கேட்ட சொல், காதில் விழுந்து எத்தனையோ வருடமாகியிருந்தது.

"இந்த வயசுலயா? யார் சொன்னா?"

"அவருதான் சொன்னாரு. விபூதிப் புதன்லேருந்து. ஞாயித்துக்கிழமை மட்டும் இல்லையாம், அன்னைக்கு ஒருசந்தி கிடையாதுல்ல. மருந்தும் சேத்துத்தான் விட்டுட்டாரு. வெறும் வயித்துல போடக்கூடாது, நேரமும் மாத்தக்கூடாதுன்னு மக கண்டிசனா சொல்லியிருக்காம்."

"மருந்து என்ன ஆச்சு?"

"மைலோ டின்னுல பத்திரமா இருக்காம். ஈஸ்டர் முடிஞ்சதும் சேத்து சாப்பிட்டுக்கலாம்னு. ஓடுங்க டீச்சர், போயி டாக்டர்கிட்ட சொல்லுங்க. அப்புறம் அழுவலாம்."

நான் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. டாக்டரிடம் போய், நான் சொன்னது தவறு என்றேன். அவர் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. ஊசி மூலம் அந்த மருந்தை ஏற்றச் சொல்லிவிட்டு, "சொல்ல வந்தீர்களே, அதற்கு நன்றி" என்றார். மறுநாள் காலை தாத்தா எழுந்து உட்கார்ந்து என்னை அடையாளம் கண்டார். ஆனால் ஆபத்து முடியவில்லை. வார்டில் அதிக நாள் இருந்தால் திறந்த புண்ணில் கிருமி சேரும், வீட்டுக்கு அனுப்ப வேண்டும், மாத்திரையை ஒரு நாளும் விடமாட்டார் என்றால்தான் அனுப்பலாம் என்றார் டாக்டர். அதைத் தாத்தாவிடம் சொன்னேன்.

"ஈஸ்டருக்கு இன்னும் ரெண்டு வாரந்தானே இருக்கு, பாப்பா."

"ரெண்டு வாரம் தாங்காதுப்பா. செத்துப் போயிருவீங்க."

"நீ சொன்னபடிதானே செஞ்சேன்? வெறும் வயித்துல போடாதேன்ன. போடல."

"அப்ப சாப்பிட்டுட்டுப் போடுங்க!"

"சாப்பிட்டா ஒருசந்தி என்னாவுறது? நேந்துக்கிட்டாச்சே."

"யாரைக் கேட்டு நேந்தீங்க?"

"உன்னைக் கேக்கணுமா? எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல டீச்சரம்மா எதுக்கு?"

மண்டோர் மிக்கேலோடு வாதாடி ஜெயித்தவர் அந்தத் தோட்டத்தில் யாரும் இல்லை. முட்டையை நாய்க்குப் போட்டவர் என்னிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதையும் கவனித்தேன், ஏனென்றால் நான் ஒரு முறையும் கேட்கவேயில்லை. டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. உன் அப்பா சொல்லியும் கேட்கவில்லை. அந்தோணியம்மாதான் போகிற போக்கில் சொன்னார்: "சாமியார் சொன்னாத்தான் கேப்பாரு. நேர்ச்சைய மாத்த அவருக்குத்தான் உரிமை. போயி கூட்டிட்டு வாங்க டீச்சர்."

எங்கள் கோவில் சாமியாரைப் பார்க்க நான் பதின்மூன்று வருடமாகப் போகாமல் இருந்தேன். பிரெஞ்சுக்காரப் பாதிரியார், நாற்பது வருடம் தோட்டத்து மக்களோடு இருந்து நம்மைப் போலவே தமிழ் பேசியவர். உன் அப்பாவைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நான் சொன்னபோது பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளைச் சொன்னார். நான் கோபத்தில் எழுந்து வந்து பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். அதன் பிறகு கோவில் வாசலை மிதிக்கவில்லை. அன்று காரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்து சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு, மிக்கேல் மண்டோர் மகளா? வா. கை கொடுக்க முடியாது, கறுப்பா இருக்கு."

எல்லாவற்றையும் சொன்னேன். நேர்ச்சையை ரத்து செய்ய முடியுமா முடியாதா என்று கேட்டேன்.

"ரத்து பண்ண இது பஸ் டிக்கெட்டா?" என்றார். "ரத்து இல்ல. மாத்திக் கொடுக்கலாம். ஆனா உன் அப்பா மனசு வைக்கணும். இரு, கையைக் கழுவிட்டு வாரேன்."

அவ்வளவுதான். தம்பி, அன்று அவர் என்னிடம் எந்த நிபந்தனை வைத்திருந்தாலும் நான் சம்மதித்திருப்பேன். பூசைக்கு வா என்றால் போயிருப்பேன். கல்யாணத்தைக் கோவிலில் சரிசெய் என்றால் செய்திருப்பேன். அது அவருக்கும் தெரிந்திருக்கும். வழியெல்லாம் கார் கிளட்சைப் பற்றித்தான் பேசினார்.

வார்டில் அவரைக் கண்டதும் தாத்தா படுக்கையிலிருந்து எழப் பார்த்தார். "தோத்திரம் சாமி."

"படும், படும். அறுபது தாண்டினவங்களுக்கு ஒருசந்தி கட்டாயம் இல்லன்னு நான் பிரசங்கத்துல சொல்லலையா? தூங்கிட்டீரா?"

"கட்டாயத்துக்கு இல்ல சாமி. நன்றிக்கு. கிறிஸ்துமஸுக்குள்ள எழுந்து நடந்தா தவசு காலம் முழுக்க இருக்கேன்னு நேந்தேன். நடந்துட்டேன். பேச்சு மாறலாமா?"

நானும் அப்போதுதான் காரணத்தைக் கேட்கிறேன்.

"மாறக்கூடாது" என்றார் சாமியார். "நன்றிக்குன்னா இன்னும் கஷ்டமாத்தான் இருக்கணும். உமக்கு உலகத்துல பிடிக்காத சாப்பாடு எது?"

தாத்தா யோசிக்கவே இல்லை. "அரைவேக்காட்டு முட்டை சாமி. இந்தப் புள்ள தினம் வைக்குது. கொழகொழன்னு."

"சரி. இன்னையிலேருந்து தினம் காலையில ரெண்டு அரைவேக்காட்டு முட்டை, ஒரு கிளாஸ் பால், உடனே ஆறு மாத்திரை. அதுதான் இனிமே உம்ம நேர்ச்சை. ஒரு நாள் விட்டாலும் பேச்சு மாறினதாத்தான் அர்த்தம்."

"ரெண்டா சாமி? ஒண்ணு போதாதா?"

அடுத்த கட்டில்காரர் சிரித்தார், அந்தோணியம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டு முட்டையையும் விழுங்கிவிட்டு மாத்திரைக்குக் கை நீட்டினார். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த வருடம் முழுவதும் சுலபமாக இருந்தது என்று நினைக்காதே. சர்க்கரை ஏறியது, ஒரு முறை நெஞ்சில் சளி கட்டியது. ஆனால் அதன் பிறகு நான் அவரிடம் கேட்கக் கற்றுக்கொண்டேன், அவரும் சொல்லக் கற்றுக்கொண்டார். இரண்டு வருடத்தில் மாத்திரை முழுதாக நின்றது. மொத்தம் ஆறு வருடம் இருந்தார். உன்னோடு சதுரங்கம் ஆடித் தோற்றுக் கோபித்துக்கொண்டதெல்லாம் அந்த ஆறு வருடத்தில்தான். இதயம் நின்று ஒரு மத்தியானம் போனபோது நானும் உன் அப்பாவும்தான் குளிப்பாட்டினோம். முதுகில் வெளுத்த தழும்புகள் இருந்தன. ஒரு புண் இல்லை. நான் இன்றும் பூசைக்குப் போவதில்லை, தாத்தாவும் ஒரு நாளும் போகச் சொன்னதில்லை. ஆனால் நன்றி சொல்ல வேண்டியவர்களை நினைத்தால் அந்த டாக்டர், அந்தோணியம்மா, அந்தச் சாமியார், உன் அப்பா என்று முகங்கள் வரிசையாக வருகின்றன. அவர்களில் ஒருவராவது என்னைக் குற்றவாளியாக நிறுத்தியிருந்தால், நான் என்னைக் காப்பாற்றிக்கொள்வதில் நேரத்தைச் செலவிட்டிருப்பேன்.

இனி உனக்கு. மாமாவின் மாத்திரை அளவை டாக்டர் மட்டும் மாற்றட்டும், முகம் உப்பினாலும் சரி, பசியில்லை என்றாலும் சரி. இந்த மருந்து சாப்பிடுகிறவர்களுக்குக் கிருமி இருந்தாலும் காய்ச்சல் வராமல் போகலாம், ஆகவே சோர்ந்து படுத்தாலே கூட்டிக்கொண்டு போ. முட்டை, மீன், பால் குறையக் கூடாது. பகலில் நாற்காலியில் உட்காரவை, நாலடி நடக்கவை. காலையில் அவர் சாப்பிட்டு மாத்திரை போடும் வரை உங்களில் ஒருவர் பக்கத்தில் இருங்கள். காவலுக்கு அல்ல, பேச்சுத் துணைக்கு. மாமா மாதா மாதம் சஷ்டி விரதம் இருப்பவர் என்று மலர் கல்யாணத்தன்று சொன்னாள். அதைப் பற்றி இன்றைக்கே கேள். இந்த நோய்க்காக வேறு எதையும் வேண்டிக்கொண்டாரா என்றும் கேள். பகுத்தறிவு பேசாதே. உனக்கு நம்பிக்கை இல்லை என்பது எனக்குத் தெரியும், அது என்னிடமிருந்து வந்ததுதான். விரதத்தை மாற்றிக் கொடுக்க உரிமையுள்ளவர் யார் என்று அவரே சொல்லட்டும். குருக்களோ, அவருடைய அண்ணனோ, யாராக இருந்தாலும் போய் அழைத்து வா. அழைக்கும்போது உன் கௌரவம் கொஞ்சம் குறையும். குறையட்டும்.

எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்று நீ நேராகக் கேட்கவில்லை, ஆனால் வரிக்கு வரி அதுதான் இருக்கிறது. எனக்குத் தெரியாது, தம்பி. தாத்தா பிழைத்ததால் மாமாவும் பிழைப்பார் என்று எழுத என் மனம் இடம் தரவில்லை. இரண்டு பேர் வேலைக்குப் போகிற வீட்டில் காலை ஏழிலிருந்து இரண்டு வரை அவர் தனியாக இருப்பார் என்று மட்டும் தெரியும். பள்ளியில் ஒரு மாதம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் அப்பா தானே சமைத்துக்கொள்வாராம். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நிறுத்தத்துக்கு வர வேண்டாம், வீடு எனக்குத் தெரியும். நீ மாமாவோடு இரு.

அம்மா